போர்க்களத்தில் என் வயிற்றெரிச்சல்

தங்கை மகளுக்குப் பிரான்ஸில் வேலை கிடைத்த செய்தியைச் சின்னசேலம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டுதான் கேட்டேன். சேலம் வண்டியின் நடத்துநர் ஆத்தூர், வாழப்பாடி என்று கூவிக்கொண்டிருந்ததால் தங்கை கனடாவிலிருந்து ஒரே செய்தியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“விமின்னு ஒரு எடமாம்க்கா. அந்தக் காலத்துல பெரிய சண்ட நடந்த எடமாம். வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டி வெவரம் சொல்ற வேல. கனடாவுல காலேஜ் படிக்கிற பசங்களத்தான் எடுக்கறாங்களாம். இவளுக்குக் கெடச்சிடுச்சி. கோட லீவு முச்சூடும் அங்கதான்.”

“விமி குன்றா?” என்றேன்.

“ஒனக்குத் தெரியுமா?”

தெரியுமாவாம். முப்பது வருடத்துக்கும் மேலாக அரசுப் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். பத்தாம் வகுப்பில் முதல் பாடமே முதல் உலகப்போர். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்பு, அதே போர். பதுங்குகுழி என்றால் என்னவென்று கரும்புக் காட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? ஒரு வருடம் பள்ளிக்கு வெளியே குடிநீர்க் குழாய் பதிக்க நீளமாகப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். வகுப்பையே அழைத்துப்போய் அதற்குள் இறக்கி உட்காரவைத்தேன். மழை பெய்கிறது, தலையைத் தூக்கினால் சுடுகிறான், சாப்பாடும் தூக்கமும் இதற்குள்ளேயே, எப்படி இருக்கும் என்று கேட்டேன். தலைமையாசிரியை கூப்பிட்டுத் திட்டினார். ஆனால் அந்த வருடம் அந்தப் பாடத்தில் ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. புத்தகத்தில் இருந்த ஐரோப்பா வரைபடத்தில் என் விரல் போகாத இடமில்லை. கால் மட்டும் போனதில்லை.

தங்கைக்கு வரலாறு என்றாலே கொட்டாவி. பரீட்சைக்கு முந்தின நாள் நான் பாடத்தைக் கதையாகச் சொல்லச் சொல்ல, நைனார்பாளையத்து வீட்டுச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள். அவள் பெற்ற பெண் போர்க்களத்தில் நின்று உலகத்துக்கு வரலாறு சொல்லப்போகிறாள். என் மகன் கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நல்ல பையன். சின்ன வயதில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், “நடந்து முடிஞ்சத இன்னாத்துக்கும்மா பேசிக்கினு” என்று எழுந்து போய்விடுவான்.

“ரொம்ப சந்தோஷம்டி” என்றேன். வாய் சொன்னது. வயிறு எரிந்தது. அன்று சேலம் வண்டியை விட்டுவிட்டேன். போன காரியம் எதுவென்றே எனக்கு மறந்துபோனது.

இரண்டு வாரம் கழித்து அவளே மறுபடி பேசினாள். “நான் அவளப் பாக்கப் போறேன். நீயும் வாக்கா. ரிட்டயர் ஆயி வூட்லயே ஒக்காந்துக்கினு இன்னா பண்ற? மாமாவும் இல்ல. வா, ஒனக்குப் புடிச்ச சண்டையெல்லாம் பாத்துக்கினு வரலாம்.”

எனக்குப் பிடித்த சண்டை என்று அவள் சொன்னது சுருக்கென்றது. ஆனாலும் போனேன். பொறாமைக்காக யாரும் ஐரோப்பாவை வேண்டாம் என்று சொல்வார்களா?

விமி குன்றின் மேல் இரண்டு வெள்ளைத் தூண்கள் வானத்துக்கு எழும்பி நிற்கின்றன. கீழே சமவெளி, தூரத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவு குவிந்து மலைபோல் நிற்கும் கறுப்பு மேடுகள். குன்றைச் சுற்றி நிலமெல்லாம் குழி குழியாக, குழியெல்லாம் பச்சைப் புல்லாக இருந்தது. வெடிக்காத குண்டுகள் இன்னமும் உள்ளே கிடப்பதால் மனிதர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது. வேலிக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. புல் வெட்டுவதற்குப் பதிலாக ஆடுகளை விட்டிருக்கிறார்கள்.

தங்கை மகள் சீருடையில் வந்தாள். மார்பில் மேப்பிள் இலைச் சின்னம். கனடாவில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் தமிழை அம்மாவின் வாயிலிருந்து மட்டுமே கற்றதால் அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு.

“வா பெரிம்மா. இன்னா இப்டி எளச்சிட்ட?” என்று கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள்.

பிறகு அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். அந்த நிமிடமே வேறு ஆளாகிவிட்டாள். கனடாவின் நான்கு படைப்பிரிவுகளும் முதன்முதலாக ஒன்றாகச் சேர்ந்து போரிட்ட இடம் இது, ஈஸ்டருக்கு மறுநாள் விடியலில் பனியும் மழையும் முகத்தில் அடிக்க இந்தச் சரிவில் ஏறினார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இன்னொரு குழு வந்ததும் அதையே பிரெஞ்சில் சொன்னாள். கையில் தாள் இல்லை. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் பேசாமல் நின்று அவர்களையே பார்க்கவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருடம் ஆனது. அவள் பேச்சில் “எங்கள் வீரர்கள்” என்ற சொல் அடிக்கடி வந்தது. என் தங்கை அதைக் கேட்கும்போதெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினாள். எந்த வருடம் போர் தொடங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாதவளுக்குக்கூட அங்கே ஒரு “எங்கள்” கிடைத்துவிட்டது. நான் மட்டும் விருந்தாளி.

சுரங்கத்துக்குள் இறக்கினாள். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து போட்ட வழி. தாக்குதலுக்கு முன்னால் வீரர்கள் அதற்குள்தான் காத்திருந்தார்களாம். சுவரில் யாரோ ஒரு வீரன் கத்தியால் மேப்பிள் இலையைச் செதுக்கியிருந்தான். எல்லாரும் அதைப் பார்த்து நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

“இந்தப் போரில் இந்தியர்களும் இதே பிரான்ஸில்தானே செத்தார்கள்? அவர்களைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதல்ல. அவள் கொஞ்சம் திணற வேண்டும் என்று கேட்டேன்.

அவள் திணறவில்லை. “நல்ல கேள்வி” என்றாள். கனடாக்காரர்கள் வருவதற்கு முன்பே, போரின் முதல் குளிர்காலத்திலேயே இந்தியப் படைகள் இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் உள்ள இடத்தில் நின்றிருந்தன என்று சொன்னாள். கம்பளி உடை போதாமல் அவர்கள் பட்ட பாட்டையும் சொன்னாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “இவர் என் பெரியம்மா. இந்தியாவில் வரலாற்று ஆசிரியை. எனக்கு இந்தப் போரை முதலில் சொன்னது இவர்தான்” என்றாள். சுரங்கத்துக்குள் கைதட்டினார்கள். தோற்றவளுக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. சொன்ன இடத்துக்குக் காரில் அழைத்துப்போனாள். நெவ் சப்பேல் என்ற சிற்றூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் வட்டமாக மதில். அதில் கல்லறை கிடைக்காத இந்தியர்களின் பெயர்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் படித்தேன். பஞ்சாப், கர்வால், நேபாளத்துப் பெயர்களாகவே வந்தன. தமிழ்ப் பெயராக, அதிலும் எங்கள் பக்கத்துப் பெயராக ஒன்று கண்ணில் பட்டால் போதும், விரலை வைத்து “இதோ எங்கள் ஆள்” என்று சொல்லிவிடலாம். கழுத்து வலித்ததுதான் மிச்சம். சற்றுத் தள்ளி ஒரு சீக்கியக் குடும்பம் ஒரு பெயரின் கீழே குழந்தையைத் தூக்கி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள்மீதும் எனக்குப் பொறாமை வந்தது. அவர்களில் செத்தவர்கள் அதிகம் என்பதற்காக ஒருத்தி பொறாமைப்படுவாளா? நான் பட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை. வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுச் சமையலறையில் தங்கை உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அன்னிக்கு சொரங்கத்துல இன்னாத்துக்கு அந்தக் கேள்வியக் கேட்ட?” என்றாள் தங்கை, நிமிராமலே.

“சந்தேகம். கேட்டேன்.”

“சந்தேகமா? ஒனக்கா? நான் ஒன்கூடப் பொறந்தவக்கா. ஒம் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

அவள் கத்தியை வைத்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றுதான் நினைத்தேன்.

“அவ சின்னப் புள்ளயா இருக்கச்சொல்லோ வாரா வாரம் ஒங்கிட்ட போன்ல பேசுவாளே, ஞாபகம் இருக்குதா? கத சொல்லு பெரிம்மான்னு. நான் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருப்பேன். எங்கிட்ட ஒரு கத கேட்டதில்ல. காலேஜ்ல சரித்திரம் எடுக்கறேன்னு சொன்னப்போ அவங்க அப்பா கத்தனாரு. நானும் கத்தனேன். பெரிம்மா மாதிரி ஆவணும்னா. இப்பவும் எதுனா ஒண்ணுன்னா ஒனக்குத்தான் மெசேஜ் போடறா. நான் பெத்தேன், ஆக்கிப் போட்டேன், காருல கொண்டுபோய் வுட்டேன். அவ்ளோதான். எனக்கு எரியாதா?”

அவளுக்கும் எரிந்திருக்கிறது. இத்தனை வருடமாக. அக்கா என்ற முறையில் நான் எழுந்து போய் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தேநீர் அவ்வளவு ருசியாக இருந்தது. அதன் பிறகுதான் எழுந்துபோய் மிச்ச வெங்காயத்தை நறுக்கிக் கொடுத்தேன். உப்புமாவில் உப்பு போட மறந்திருந்தோம்.

வாரக் கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு கனடா சுற்றுலாக் குழுவோடு நார்மண்டிக்குப் போனோம். இது இரண்டாம் உலகப்போரின் களம். கனடா வீரர்கள் கடல்வழியாக வந்து இறங்கிய கரையைக் காட்டினார்கள். வெறும் மணல். பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே, கோதுமை வயல்களுக்கு மத்தியில் அந்தக் கல்லறைத் தோட்டம்.

அதற்குள் நுழைந்ததும் எனக்குள் இருந்த பழைய பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

வெள்ளைக் கற்கள், ஒரே உயரத்தில், நூல் பிடித்தாற்போல வரிசை வரிசையாக. ஒவ்வொரு கல்லிலும் மேப்பிள் இலை, பெயர், படை, செத்த நாள், வயது. பத்தொன்பது. இருபத்திரண்டு. இருபது. சில கற்களின் அடியில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. ஒவ்வொரு கல்லின் காலடியிலும் ரோஜாவோ வேறேதோ பூச்செடியோ. தோட்டக்காரர் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கல்லை ஒட்டிய புல்லைக் கத்திரியால் நறுக்கிக்கொண்டிருந்தார். செத்து எண்பது வருடமாகிறது. இன்னும் ஆள் வருகிறது.

எங்களோடு வந்தவர்களில் ஒரு வயதான கனடாப் பெண்மணி. அவருடைய அப்பாவின் தம்பி அங்கே இருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன சித்தப்பா. வரைபடத்தைப் பார்த்து நேராக அந்தக் கல்லுக்குப் போனார். பையிலிருந்து கடற்கரை மணலை எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, கல்லில் வெட்டிய எழுத்துகளின்மேல் தேய்த்தார். தேய்த்ததைத் துடைத்ததும் எழுத்துகளுக்குள் மட்டும் மணல் தங்கி, வெள்ளைக் கல்லில் பெயர் பளிச்சென்று எழுந்தது.

“இப்படிச் செய்தால்தான் படத்தில் பெயர் தெரியும். அடுத்த மழையில் மணல் போய்விடும்” என்று சொல்லி, என் கையில் தன் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். “உங்கள் ஆள் யாராவது இங்கே இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

என் வீட்டுக்காரர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். எனக்கும் காய்ச்சல். அவர் ஒரு வார்டில், நான் ஒரு வார்டில். உறையில் சுற்றிக் கொண்டுபோய் எரித்தார்கள். மகன் தூரத்தில் நின்றுதான் பார்த்தான். அன்று வரிசையாகப் பலரை எரித்தார்கள். எந்த மேடையில் அவர் என்பது அவனுக்கும் நிச்சயமில்லை. ஒரு கலயத்தில் கொடுத்த சாம்பலைக் கோமுகி ஆற்றில் கரைத்தோம். அது அவருடையதுதானா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

அந்தப் பெண்மணி முகம்கூடப் பார்த்திராத சித்தப்பாவின் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போனைக் கொடுத்துவிட்டு வேலிச்செடி ஓரமாக நடந்தேன். தங்கை பின்னாலேயே வந்தாள்.

“இன்னாக்கா?”

“இந்தம்மாவுக்கு எங்க இருக்குன்னு தெரியுது. எனக்குத் தெரியல” என்றேன்.

அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “எனக்கு அப்ப ஃப்ளைட்டே கெடைக்கல. தம்பி போன்ல காட்டனான். பொகதான் தெரிஞ்சிது. எந்தப் பொகைன்னு கேக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சி” என்றாள். அவள் ‘தம்பி’ என்றது என் மகனை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. பேருந்து கிளம்பும்வரை அப்படியே நின்றோம்.

ஊர் திரும்பியதும் மகனிடம் சொன்னேன், அப்பாவுக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று.

“ஆத்துல கரைச்சாச்சேம்மா. அப்புறம் கல்லு எங்க, எதும்மேல வெப்ப?”

“எம் பங்குக் காட்டுல வெக்கிறேன். அடியில எதுவும் இருக்கணும்னு இல்ல.”

அவன் வெகுநேரம் மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு, “அளவு சொல்லு, நான் போய் கல்லுக்காரரப் பாக்கறேன்” என்றான்.

நைனார்பாளையத்தில் எனக்கு வந்த பங்கில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நட்டோம். இடுப்பளவு கருங்கல். பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், ஆசிரியர் என்ற சொல். அடியில் ஒரு வரி வேண்டும் என்று எனக்கு ஆசை. பல நாள் யோசித்தும் பெரிய வாசகம் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. கடைசியில், “திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலைக்குப் போவார்” என்று எழுதிக் கொடுத்தேன். அதுதான் அவர். கல் வெட்டுகிறவர் இரண்டு முறை படித்துவிட்டு, “இதத்தான் வெட்டணுமா டீச்சர்?” என்று கேட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் மட்டும், வெள்ளாமை நடக்கிற காட்டில் செத்தவர் பெயரை நடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். முதன்முறையாக அந்தக் கல்லின்முன் நின்றபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. நார்மண்டிக்காரர்களுக்கு இனி நான் குறைந்தவள் இல்லை.

மரவள்ளிக்குக் களை வெட்ட வருகிறவர்களில் என் வயதுக்காரி ஒருத்தி உண்டு. அவளுக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. கூலி வேலைதான். அவள் புருஷனும் அதே கொரோனாவில்தான் போனான். அன்று களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“நல்லாகீதுங்க டீச்சர்” என்றாள். பிறகு கல்லையே பார்த்துக்கொண்டு, “எங்க வூட்டுக்காரருக்கு இப்டி ஒண்ணு வெக்கலாம்னா எடம் ஏதுங்க எங்களுக்கு?” என்றாள்.

அவள் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கல்லறைத் தோட்டத்தில் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கல்லின் பின்பக்கத்தைத் தடவினாள்.

“இந்தப் பக்கம் சும்மாத்தான கீது. அவுரு பேர இதுல போட்டுக்கலாமாங்க?”

எனக்குச் சட்டென்று மனம் வரவில்லை. எல்லாரிடமும் இருந்தது, என்னிடம் மட்டும் இல்லை, இப்போதுதான் ஒன்று கிடைத்திருக்கிறது. அதிலும் பாதியா? “பையனக் கேட்டுச் சொல்றேம்மா” என்றேன். அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகனைக் கேட்கவில்லை. தங்கை மகளுக்குத்தான் செய்தி அனுப்பினேன். என்ன செய்யலாம் என்று கேட்டேனோ, அவள் வாயால் வேண்டாம் என்று சொல்லவைக்கலாம் என்று பார்த்தேனோ, எனக்கே தெரியாது. சற்று நேரத்தில் அவள் குரல் வந்தது. “அவரு பேரு இன்னா பெரிம்மா?” அவ்வளவுதான் கேட்டாள். எத்தனையோ வருடமாக எங்கள் காட்டில் வேலை செய்த ஆள். பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறோம். முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை களை வெட்ட வந்தபோது அவளிடம் பெயரைக் கேட்டு வாங்கினேன். அடியில் என்ன வரி போடலாம் என்று கேட்டதற்கு வெட்கப்பட்டு, “ஏர் ஓட்டறதுல கெட்டிக்காரர்னு போடுங்க, போதும்” என்றாள். அதே கல்வெட்டுக்காரர் வந்து, நட்ட கல்லிலேயே உட்கார்ந்து வெட்டினார். பக்கத்துக் காட்டுக்காரர் இப்போது பேசுவதையே நிறுத்திவிட்டார். என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து நான் வாரம் ஒருமுறை போனால் அதிகம். அவள் இருப்பது அந்த ஊரிலேயே. எப்போது போனாலும் கல்லின் பின்பக்கத்தில் அன்றைக்குப் பறித்த பூ இருக்கிறது. சாமந்தி, அரளி, எதுவும் இல்லாத நாளில் ஆவாரம்பூ. முன்பக்கத்தில் நான் போன வாரம் வைத்தது காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வாரம் இரண்டு முறை போனேன்.